காந்தத்தின் சிவப்பு முகம்

எனக்கு மூக்கு மேல் கோபம் என்று என் மனைவி ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாள். சொல்லிவிட்டுப் போகட்டும். கோபம் வந்தால் போய்விடும். அவளுக்குத் தெரியாத இன்னொரு குணம் என்னிடம் உண்டு. நான் செய்த தப்பை யாராவது கண்டுபிடிக்கப் போகிறார்கள் என்று தெரிந்தால், என் வாய் என்னைக் கேட்காமலே இன்னொருவரைக் கைகாட்டிவிடும். இந்த வருடம் அது கைகாட்டியது என் சகலையை.

சகலை என்றால் என் மனைவியின் அக்காவுடைய கணவர். என்னைவிட ஆறு வயது மூத்தவர். இருபது வருடம் மோட்டார் காயில் கட்டும் கடையில் வேலை பார்த்தார். காயிலுக்கு அடிக்கும் வார்னிஷ் புகை நெஞ்சில் இறங்கி, மாடிப்படி ஏறினாலே விசில் அடிப்பது போல மூச்சு விட ஆரம்பித்தார். அந்தப் புகை இனி ஆகாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அந்தச் சமயத்தில்தான் எங்கள் கல்லூரி இயற்பியல் லேபுக்கு உதவியாளர் வேண்டும் என்று அறிவிப்பு வந்தது. அவர் விண்ணப்பித்தார், நேர்காணலுக்கு வந்தார், தேர்வானார். அந்த லேபுக்குப் பதினேழு வருடமாகப் பொறுப்பாளன் நான். நேர்காணலில் நான் உட்காரவே இல்லை. இருந்தும், சொந்தக்காரனைக் கொண்டுவந்து உட்கார வைத்துவிட்டான் என்று நாலு பேர் காதைக் கடித்தார்கள். அது என் காதுக்கும் வந்தது. அன்றிலிருந்து மற்றவர்களிடம் ஒரு மடங்கு கடுமை என்றால் அவரிடம் இரண்டு மடங்கு காட்டினேன். அதற்கு நேர்மை என்று பெயர் வைத்துக்கொண்டேன்.

வீட்டில் நான் அவரை அண்ணா என்பேன், அவர் என்னைத் தம்பி என்பார். லேபுக்குள் நுழைந்தால் அவர் சார் என்பார். நான் அங்கே அவரை எதுவும் சொல்லிக் கூப்பிடுவதில்லை. "கொஞ்சம் வாங்க" என்பதோடு சரி. அவருக்கு ஒரு வருடம் தகுதிகாண் பருவம். அது முடியும்போது நான் ஒரு படிவத்தில் நாலு வரி எழுதிக் கொடுக்க வேண்டும். நல்லபடியாக எழுதினால் வேலை நிரந்தரம், இல்லாவிட்டால் திரும்பவும் வார்னிஷ் கடை.

இனி அந்தச் சோதனையைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஹால் விளைவு என்று பெயர். எந்த ஹாலில் சார் என்று வருடத்துக்கு ஒருவராவது கேட்பார்கள். அதைக் கண்டுபிடித்தவருடைய பெயர் அது. விரல் நீளத்துக்கு ஒரு செம்புத் தகடு, தாளைவிட மெல்லியது. அதன் நீளவாக்கில் பத்து ஆம்பியர் மின்னோட்டம் விடுகிறோம். பிறகு ஒரு பெரிய காந்தத்தைத் தண்டவாளத்தில் நகர்த்தி, அதன் இரண்டு முகங்களுக்கும் நடுவில் தகடு வரும்படி நிறுத்துகிறோம். தகட்டுக்குள் ஓடுகிற மின்துகள்களைக் காந்தம் பக்கவாட்டில் தள்ளுகிறது. அவை ஒரு விளிம்பில் சேர்கின்றன. அதனால் இரண்டு விளிம்புகளுக்கும் இடையே ஒரு மின்னழுத்தம் உண்டாகிறது. எங்கள் செம்பில் அது எட்டு மைக்ரோவோல்ட். ஒரு வோல்ட்டைப் பத்து லட்சம் கூறு போட்டால் அதில் எட்டுக் கூறு. அளவு சின்னதுதான், ஆனால் அதன் குறி பெரிய விஷயம். உள்ளே ஓடுபவை எந்த மின்னேற்றம் கொண்டவை என்பதை அந்தக் குறிதான் சொல்லும். துத்தநாகம் மாதிரிச் சில உலோகங்களில் பிளஸ் வந்து ஆளைக் குழப்பும். செம்பில் குழப்பமே இல்லை. ஓடுபவை எலக்ட்ரான்கள், வர வேண்டியது மைனஸ்.

இன்னொன்றும் உண்டு. காந்தத்தைக் கிட்டே கொண்டுவராதபோதும் மீட்டரில் ஏதோ ஒரு எண் நிற்கும். விளிம்புகளில் பற்றவைத்த இரண்டு கம்பிகளும் ஒருநாளும் நேருக்கு நேர் அமைவதில்லை, மயிரிழை முன்பின்னாக இருக்கும். அதனால் காந்தத்தை ஒரு தரம் நேராகவும் ஒரு தரம் திருப்பியும் வைத்து இரண்டு அளவு எடுக்க வேண்டும். திருப்பியதும் குறி மாறுகிற பங்கு ஹால் மின்னழுத்தம். திருப்பினாலும் மாறாமல் நிற்பது, கம்பி வைத்த கையின் கோணல். இதை நான் வருடா வருடம் கரும்பலகையில் எழுதிப் போடுகிறேன்.

ஒன்பது வருடத்துக்கு முன்னால் அந்தக் காந்தம் புதிதாக வந்து இறங்கியது. எந்த முகம் வடக்கு, எது தெற்கு என்று அதில் குறிக்கவில்லை. எந்த முகம் எந்தப் பக்கம் நிற்கிறது என்பதை வைத்துத்தான் பிளஸா மைனஸா என்று சொல்ல முடியும், அதனால் குறிப்பது என் வேலை. அலமாரியிலிருந்து திசைகாட்டியை எடுத்துப் பக்கத்தில் கொண்டுபோனேன். ஊசியின் சிவப்பு முனை ஒரு முகத்தை நோக்கித் திரும்பியது. சிவப்பு வடக்கைத்தானே காட்டும் என்று, அந்த முகத்துக்குச் சிவப்புப் பெயிண்ட் பூசி, மேலே வெள்ளையில் 'வ' என்று எழுதினேன். வடக்கு முனை ஓடிப்போய் ஒட்டுவது தெற்கோடு. எட்டாம் வகுப்புப் பிள்ளை செய்யாத தப்பு. அன்றைக்கு எனக்குச் செய்யக் கை வந்தது.

அதன் பலன் உடனே தெரிந்தது. செம்பில் பிளஸ் வந்தது. செய்முறைத் தேர்வுக்கு இரண்டு நாள்தான் இருந்தது. காந்தத்தின் மேல் எனக்குச் சந்தேகமே வரவில்லை, அது நான் பூசியதல்லவா. தகடு இருந்த பெட்டியைத் திறந்து, விளிம்பிலிருந்து வரும் இரண்டு கம்பிகளையும் இடம் மாற்றிப் பற்றவைத்தேன். மூடியின் உட்புறம் ஒட்டியிருந்த படத்தில் வேறு மாதிரி இருந்தது. பெட்டி செய்தவன் படத்தைத் தப்பாகப் போட்டிருப்பான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மைனஸ் வந்தது. பெட்டியை மூடினேன்.

எங்கள் லேபில் ஒரு பராமரிப்பு நோட்டு உண்டு. தேதி, என்ன செய்தது, செய்தவர் என்று மூன்று கட்டம். எந்தக் கம்பியைத் தொட்டாலும் அதில் எழுத வேண்டும் என்று முதல் பக்கத்தில் சட்டம் எழுதியவன் நான். அந்தக் கம்பி மாற்றத்தை மட்டும் நான் எழுதவில்லை.

இந்த வருடம், தேர்வுக்கு மூன்று வாரம் முன்பு, சகலை அந்தப் பெட்டியைத் திறந்தார். இணைப்புகள் பச்சை பிடித்துப்போயிருந்தன. நான் போனில் யாரோடோ பேசிக்கொண்டிருந்தபோது பெட்டியோடு வந்து நின்றார்.

"சார், படத்துல ஒரு மாதிரி இருக்கு, உள்ள கம்பி வேற மாதிரி இருக்கு. எப்படி வைக்கட்டும்?"

போனைக் கையால் பொத்திக்கொண்டு, படத்தில் இருக்கிறபடி வையுங்கள், இதையெல்லாமா கேட்பீர்கள் என்றேன். அவர் படத்தில் இருக்கிறபடி வைத்தார். நோட்டில் தேதி போட்டு எழுதிக் கையெழுத்தும் போட்டார். அவருடைய இணைப்புகள் கடுகு மாதிரி சின்னதாக, பளபளவென்று இருக்கும். நான் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

செவ்வாய்க்கிழமை செய்முறைத் தேர்வு. வெளியிலிருந்து தேர்வாளராக வந்த அம்மா கண்டிப்பானவர், கண்ணாடியைக் கழற்றிவிட்டுத்தான் கேள்வியே கேட்பார். ஹால் சோதனை நான்கு மாணவர்களுக்கு வந்திருந்தது. மூன்று பேர் புத்தகம் சொல்கிற மைனஸை எழுதியிருந்தார்கள், ஆனால் மீட்டரில் வந்த அளவுகளைக் கூட்டிக்கழித்தால் பிளஸ். நான்காவது மாணவி வந்ததை வந்தபடி பிளஸ் என்றே எழுதியிருந்தாள். தேர்வாளர் கண்ணாடியைக் கழற்றினார். தானே ஒரு தரம் காந்தத்தை நகர்த்திப் பார்த்தார். பிளஸ். செம்பில் இது எப்படி என்று என்னைக் கேட்டார்.

ஒன்பது வருடத்துக்கு முன் கம்பியை மாற்றியது அந்த நொடியே நினைவுக்கு வந்துவிட்டது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு சகலை வந்து நின்றதும் நினைவுக்கு வந்தது. இரண்டும் தெளிவாகத் தெரிந்த பிறகுதான் வாயைத் திறந்தேன்.

"உதவியாளர் கம்பியை மாத்தி வெச்சுட்டார் மேடம். புது ஆள். எத்தனை தரம் சொன்னாலும் கவனம் இல்ல."

அதோடு விட்டேனா? அவர் பக்கம் திரும்பி, உங்களால் நாலு பிள்ளைகளுடைய மதிப்பெண் போகிறது, தெரிகிறதா என்று மாணவர்கள் எதிரிலேயே கத்தினேன். சொந்தக்காரன் என்று பார்க்காமல் கண்டிக்கிறான் பார் என்று நாலு பேர் நினைக்கட்டும் என்ற எண்ணமும் அந்தக் கத்தலுக்குள் இருந்தது. அவர் ஜன்னல் பக்கத்து மேசையை ஒட்டி நின்றுகொண்டிருந்தார். நீங்கள்தானே சொன்னீர்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என் முகத்தில் ஈயாடியிருக்காது. அவர் சொன்னது, "மன்னிச்சுடுங்க மேடம்." என்னிடம் கேட்கவில்லை, தேர்வாளரிடம் கேட்டார்.

கம்பிகள் அன்றைக்கே பழையபடி மாற்றப்பட்டன. மைனஸ் வந்தது. பிளஸ் எழுதிய மாணவிக்கு இரண்டு மதிப்பெண் போனது. மீட்டரில் கண்டதை எழுதிய ஒரே ஆள் அவள்.

மறுநாள் புதன்கிழமை. கத்தியதில் எனக்குத் தொண்டை கட்டியிருந்தது. நான் கேட்காமலே ஒரு டம்ளர் வெந்நீர் கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டுப் போனார் சகலை. அன்றுதான் அவருடைய படிவத்தை எழுத வேண்டிய நாள். டம்ளரை ஓரமாக நகர்த்திவிட்டு எழுதினேன். 'வேலையில் கவனக்குறைவு. தேர்வின்போது கருவியைத் தவறாக இணைத்துக் கல்லூரிக்குத் தலைகுனிவு ஏற்படுத்தினார். நிரந்தரம் செய்வதற்குமுன் யோசிக்கவும்.' நேற்று அவ்வளவு பேர் எதிரில் சொன்னதற்கு இன்று மாற்றி எழுதினால் சந்தேகம் வரும், அதுதான் காரணம். கோபத்தில் எழுதினேன் என்று சொல்லக்கூட வழியில்லை. நிதானமாக, நல்ல கையெழுத்தில், தேதி போட்டு எழுதினேன். எழுதி முடித்துவிட்டு அந்த வெந்நீரையும் குடித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டில் சாப்பாடு. என் மனைவியும் அவள் அக்காவும் அடுப்படியில் கதையடித்துக்கொண்டிருந்தார்கள். செவ்வாய்க்கிழமை நடந்ததை அவர் வீட்டில் மூச்சே விடவில்லை என்று அக்கா என்னிடம் பேசிய தோரணையில் தெரிந்தது. அவர் தூங்கும்போது மூச்சுச் சத்தமே கேட்பதில்லை என்று அக்கா சொன்னாள். முன்னெல்லாம் அந்த விசில் சத்தத்துக்காகவே விழித்துக் கிடப்பாளாம். இப்போது சத்தம் கேட்காமல் பயந்துபோய், மூக்கில் விரலை வைத்துப் பார்க்கிறாளாம். எல்லோரும் சிரித்தோம். சகலை என் தட்டில் இன்னொரு கரண்டி சோற்றை வைத்து, "தம்பி, லேப்ல கத்தறதுக்குத் தெம்பு வேணும்ல, நல்லா சாப்பிடுங்க" என்றார். கேலிதான். அவர் கண்ணில் கசப்பு இல்லை. அந்தச் செவ்வாய்க்கிழமையை எனக்கு மன்னித்துவிட்டிருந்தார். புதன்கிழமையைப் பற்றி அவருக்குத் தெரியாது.

திங்கட்கிழமை காலை, வகுப்புகள் தொடங்குமுன், அவர் என்னைக் காந்தத்தின் அருகே அழைத்தார். கையில் திசைகாட்டி இருந்தது. மனசு கேட்கவில்லை என்றார். படம் தப்பாக இருந்தால் பெட்டி செய்தவனுக்கு எழுதிக் கேட்டிருக்கலாம், சரியாக இருந்தால் பிளஸ் வந்திருக்கக் கூடாது, அதனால் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தாராம். மின்னோட்டத்தின் திசை சரி. மீட்டரின் முனைகள் சரி. மிச்சம் இருந்தது காந்தம். திசைகாட்டியை முதலில் ஜன்னலோரம் வைத்து, ஊசி உண்மையிலேயே வடக்கைக் காட்டுகிறதா என்று பார்த்துக்கொண்டார். பெரிய காந்தத்தின் மிக அருகே கொண்டுபோனால் ஊசியே முனை மாறிவிடும் என்று இரண்டடி தள்ளி நின்று மெதுவாகக் கொண்டுவந்தார். எனக்கும் செய்து காட்டினார். சிவப்பு முனை சிவப்பு முகத்தை நோக்கித் திரும்பியது.

"ஒரே முனை ரெண்டும் விலகணும்ல சார்? இது ஓடிப் போய் ஒட்டுது. பெயிண்ட்தான் மாறியிருக்கு. யார் பூசினதோ, பழசு."

சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை, காந்தத்தைப் பார்த்தார். சிவப்பின் மேல் என்னுடைய வெள்ளை 'வ' இருந்தது. வாலைச் சுழித்து விடுகிற அந்த 'வ' எங்கள் லேபில் அலமாரிக்கு அலமாரி ஒட்டியிருக்கிறது. அவர் ஒரு வருடமாகத் தினமும் துடைத்து வைப்பது அதைத்தான்.

அவரே சொன்னார்.

"நீங்க சரின்னா மாத்திப் பூசிடறேன். கம்பியையும் படத்துல இருக்கிறபடி வெச்சுடறேன். ரெண்டும் நேராயிடும். வெளியில தெரிய வேண்டியதில்ல."

சரி, அப்படியே செய்துவிடுங்கள் என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். நன்றி என்றுகூட வரவில்லை. அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தேன். ஒன்பது வருடத்துக் கோணலை ஒரு மத்தியானத்தில் பூசி மெழுகிவிடலாம், அதையும் அவர் கையாலேயே செய்துவிடலாம் என்ற நிம்மதி ஒரு பக்கம். அந்த நிம்மதி வந்ததற்காகவே நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது இன்னொரு பக்கம்.

மூன்று மணி வாக்கில் பராமரிப்பு நோட்டை எடுத்துக்கொண்டு வந்தார், நான் சுருக்கொப்பம் போட வேண்டும். காந்தத்தின் முகங்கள் மாற்றிக் குறிக்கப்பட்டிருந்தன, திருத்தப்பட்டன என்று எழுதி, செய்தவர் கட்டத்தில் தன் கையெழுத்தைப் போட்டிருந்தார். அதற்குக் கீழே இன்னொரு வரி. முதலில் குறித்தது. அதற்கு நேரே செய்தவர் கட்டம் காலியாக இருந்தது.

"தெரியாதுன்னு எழுதினா பொய்யாயிடும் சார். அதான் விட்டுட்டேன்" என்றார்.

அவர் குரலில் குத்தல் இல்லை. எழுதினால்தான் ஆயிற்று என்கிற பிடிவாதமும் இல்லை. காலியாகவே இருந்தால் காலியாகவே இருக்கட்டும் என்று நோட்டை வைத்துவிட்டுப் போய்விட்டார். அந்தக் காலிக் கட்டத்தில் என் கையெழுத்தைப் போட்டேன். அதற்கும் கீழே, கம்பிகளை இடம் மாற்றியது, ஒன்பது வருடத்துக்கு முன்பு, என்று நானே ஒரு வரி சேர்த்து அதிலும் கையெழுத்துப் போட்டேன். நோட்டோடு முதல்வர் அறைக்கு நடந்தேன்.

போகிற வழியில் ஒரு நல்ல சப்பைக்கட்டு கைக்குக் கிடைத்தது. அன்றைக்குத் திசைகாட்டியின் ஊசி முனை மாறிப் போயிருந்தது, அதனால் தப்பாகப் பூசினேன் என்று சொல்லலாம். நடக்கக்கூடியதுதான், யாராலும் மறுக்க முடியாது. முதல்வர் அறை வாசல்வரைக்கும் அதைக் கையில் வைத்துக்கொண்டே போனேன். உள்ளே போனதும் அதைச் சொல்லவில்லை. என் வாழ்க்கையில் நான் சொல்லாமல் விட்ட பொய் அநேகமாக அது ஒன்றுதான்.

முதல்வர் நோட்டைப் படித்தார். மேசை இழுப்பறையிலிருந்து சகலையின் படிவத்தை எடுத்தார். நல்ல வேளை, அது இன்னும் மேலிடத்துக்குப் போகவில்லை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேட்டார்.

"புதன்கிழமை இதை எழுதும்போது உங்களுக்குத் தெரியுமா?"

"காந்தம் தெரியாது சார். நான் கம்பியை மாத்தினது தெரியும். அவர் என்னைக் கேட்டுட்டுத்தான் வெச்சார்னும் தெரியும்."

அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. புதுப் படிவம் ஒன்றை என் பக்கம் தள்ளி, தேர்வாளருக்கும் நடந்ததை எழுதி அனுப்பச் சொன்னார். இரண்டையும் அங்கேயே உட்கார்ந்து எழுதினேன். பழைய படிவத்தின் குறுக்கே அவர் ஒரு கோடு இழுத்து, ரத்து என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். நான் கூனிக்குறுகிப் போனேன். ஆனாலும் வெளியே வந்தபோது, போகட்டும், எல்லாவற்றையும் நேராக்கிவிட்டேன் என்று ஒரு மூச்சு விட்டேன்.

எங்கள் அலுவலகத்தில் ஒரு வழக்கம் உண்டு. ரத்தான தாளைக் கிழித்துப் போட மாட்டார்கள். எந்தத் துறையிலிருந்து வந்ததோ அந்தத் துறைக்கே கோப்பில் வைக்கத் திருப்பி அனுப்புவார்கள். லேபுக்கு வருகிற தபாலைப் பிரித்துக் கோப்பில் சேர்ப்பது உதவியாளர் வேலை. இந்த வழக்கமெல்லாம் எனக்குத் தெரியாததல்ல. நினைவுக்கு வரவில்லை, அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை அவருக்கு நிரந்தர ஆணை வந்தது. அதே தபால் கட்டோடு அந்தப் பழைய படிவமும் வந்தது. நான் வகுப்பிலிருந்து திரும்பியபோது மேசை சுத்தமாக இருந்தது. கோப்பைத் திறந்து பார்த்தேன். படிவத்தில் இரண்டு துளை போட்டு, ஓரம் மடங்காமல், தேதி வரிசையில் அது இருக்க வேண்டிய இடத்தில் சேர்த்திருந்தார். அவர் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அடுத்த வகுப்புக்குத் தகட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். வாழ்த்துகள் என்றேன். "நன்றி சார்" என்றார். லேபில் எப்போதும் சொல்கிற சார்தான்.

ஞாயிற்றுக்கிழமை அவர்கள் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். அக்கா இனிப்புப் பெட்டியோடு வந்தாள். எல்லாம் உங்களால்தான், நீங்கள் எழுதிக் கொடுத்ததால்தான் என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவர் அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை என்று புரிந்தது. நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் செருப்பைக் கழற்றி வரிசையாக வைத்துக்கொண்டிருந்தார்.

சாப்பிட உட்கார்ந்தோம். அவருக்கு எதிரில் நான். பேச்சு அங்கே இங்கே போய் வந்தது. நடுவில் அவர் கையை நீட்டினார்.

"சார், அந்தத் தண்ணி ஜக்கைக் கொஞ்சம் இப்படித் தள்ளுங்க."

என் மனைவி சிரித்துவிட்டாள். வீட்டிலுமா சார், நிரந்தரமானதும் பயம் வந்துவிட்டதா என்று கேலி செய்தாள். அக்காவும் சிரித்தாள். அவரும் லேசாகச் சிரித்து, பழக்கமாகிவிட்டது என்றார். நான் ஜக்கைத் தள்ளினேன்.

"என்ன அண்ணா இது, தம்பின்னே கூப்பிடுங்க" என்றேன். எவ்வளவு முயன்றும் என் குரல் கெஞ்சியது.

"சரி சார்" என்றார். தண்ணீரைத் தன் டம்ளரில் ஊற்றிவிட்டு, என் டம்ளர் காலியாக இருப்பதைப் பார்த்து அதிலும் ஊற்றினார்.